காலுக்கு யார் சாட்சி?

எங்கள் ஊர் இரும்பையிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டுப் பிரெஞ்சு அரசிடம் ஓய்வூதியம் வாங்குகிற தமிழர்களை அங்கே ‘சொல்தா’ என்று சொல்வார்கள். வடகிழக்கே கழுவெளி ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் மரக்காணத்து உப்பளம். இரண்டுக்கும் நடுவே வானூர் வட்டத்துச் செம்மண் ஊர்களில், இந்திய ராணுவத்துக்குப் போய் வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருவர் இருக்கிறோம். நான் மதராஸ் ரெஜிமென்டில் கிளார்க்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊருக்கு வந்த பிறகு முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். காது, முதுகு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் மனசு அதிகம் நிற்பது காலில்தான்.

சிப்பாய்க்குக் கால்தான் சம்பாத்தியம். அந்தக் கால் கெட்டுப்போனால் கேட்கப்படும் முதல் கேள்வி, வலிக்கிறதா என்பது இல்லை. இது எங்களால் வந்ததா, உன் பிறவியிலேயே இருந்ததா என்பதுதான். அதை நிரூபிக்க வேண்டியவர் யார், சிப்பாயா, அரசாங்கமா? நூறு வருஷத்துக்கும் மேலாகப் பல தேசங்களில் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வழக்கு நடந்திருக்கிறது.

ஆள் சேர்ப்பில் ஓட்டம் உண்டு. ஓடித் தேறியவனை அடுத்து மருத்துவர் பார்ப்பார். பாதத்துக்கு வரும்போது குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்வார். அப்படி நிற்கையில் பாதத்தின் உள்வளைவு எழும்பி வந்தால் பிழைத்தோம். எழும்பாமல் விறைப்பாகத் தட்டையாகவே இருந்தால், நுனிக்காலில் குதிக்க முடியாமல் வலித்தால், தட்டைப்பாதம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் இந்தச் சோதனையில் அவ்வளவாகத் தோற்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. மணிபாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத்தடங்களை எடுத்து ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஷூ போட்டுப் பழகிய பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு திரிந்த பிள்ளைகளில் 2.8 சதவீதம் பேருக்குத்தான். வரப்பிலும் மணலிலும் ஓடி வளர்ந்த கால் நல்ல கால் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி.

அந்த நல்ல காலைப் பார்த்துவிட்டு மருத்துவர் சேர்ப்புப் படிவத்தில் ஒரு வரி எழுதுகிறார். பாதம் நன்றாக இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில் அந்த வரியை யாரும் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. முப்பது வருஷம் கழித்துக் காலுக்கு ஒரே சாட்சி அதுதான்.

கால் கெட்டது எப்படி என்று பார்த்தால் பூட்ஸிலிருந்து தொடங்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸ் படையில் சிப்பாய்கள் செருப்புப் போட்டுத்தான் அணிவகுத்தார்கள். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படை லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது, அடுத்த ஜனவரியில் புதுச்சேரிக் கோட்டை விழுந்தது. அந்தப் படைகள் மிதித்தது இந்த வட்டாரத்து மண்ணைத்தான். நடந்து நடந்து கால் போனவனுக்கு அந்நாளில் என்ன கிடைத்தது? 1770இல் கம்பெனியின் ராபர்ட் கிளைவ், வங்காள நவாப் மீர் ஜாபர் தனக்கு விட்டுப்போன 5 லட்சம் ரூபாயைக் கொண்டு உடல் முடியாமல் போன படைவீரர்களுக்காக ஒரு நிதியை ஏற்படுத்தினார். அது ஐரோப்பியருக்கு. நம் சிப்பாய்க்குக் கிடைத்தது கம்பெனியின் தயவு எவ்வளவோ அவ்வளவு. தயவாகக் கொடுப்பதை மேல்முறையீடு செய்து கேட்க முடியாது. இந்தத் ‘தயவு’ என்ற நினைப்பு சட்டப் புத்தகத்திலிருந்து போக மிகவும் காலம் பிடித்தது. ஓய்வூதியம் பிச்சை இல்லை, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது. 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் அதை இன்னும் அழுத்திச் சொன்னது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாக நாங்கள் கொண்டாடுவது அதனால்தான்.

நடையும் பூட்ஸும் சேர்ந்து காலை என்ன செய்யும் என்பதை முதலில் எழுதி வைத்தவர் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர். 1855இல், நீண்ட நடைக்குப் பிறகு சிப்பாய்களின் புறங்கால் வீங்கி வலிப்பதை அவர் பதிவு செய்தார். அடிபடவில்லை, விழவில்லை, ஆனால் கால் ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகுதான், பாத எலும்பில் மயிரிழையாய் விரிசல் விழுந்திருப்பது தெரிந்தது. பட்டாளத்தில் இதற்கு மார்ச் ஃபிராக்சர் என்று பெயர். எக்ஸ்ரே வருவதற்கு முந்தைய நாற்பது வருஷத்தில் எத்தனை பேரை நடிக்கிறான் என்று திட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கும் பயிற்சி மையத்தில் கால் வலி என்று சொல்கிற ரெக்ரூட்டைப் பார்த்துச் சிரிக்கிற உஸ்தாதுகள் உண்டு.

இதைவிடக் கொடுமை குளிரும் ஈரமும் சேர்ந்து செய்வது. 1812இல் நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து திரும்பியபோது அவருடைய அறுவை மருத்துவர் லாரே இதைக் கண்டு எழுதினார். ஆனால் உலகம் விழித்துக்கொண்டது 1914 குளிர்காலத்தில்தான். அந்த வருஷம் செப்டம்பர் 26 முதல் லாகூர், மீரட் டிவிஷன்களின் இந்தியச் சிப்பாய்கள் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். உடம்பில் பருத்திக் காக்கி. அக்டோபரில் ஈப்ரே பக்கம் பதுங்குகுழியில் நிறுத்தினார்கள். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் பகலும் இரவும் நின்றார்கள். உறைய வைக்கும் குளிர்கூடத் தேவையில்லை. கால் நனைந்தபடி குளிர்ந்துகொண்டே இருந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். முதலில் மரத்துப்போகும், பிறகு வெளுக்கும், பூட்ஸைக் கழற்றியதும் வீங்கிக் கொப்புளம் கட்டும், முற்றினால் விரல் கறுத்து அழுகும். ட்ரெஞ்ச் ஃபுட் என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டிஷ் படையில் மட்டும் போர் முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் இதற்காக மருத்துவமனைக்குப் போனதாகக் கணக்கு.

தடுக்க வழி கண்டார்கள். திமிங்கில எண்ணெய் தடவுவது, காலுறையை மாற்றிக்கொண்டே இருப்பது, ஒருவன் காலை இன்னொருவன் பார்ப்பது, அதிகாரி வந்து எல்லார் காலையும் வரிசையாகச் சோதிப்பது. நல்ல ஏற்பாடு. கூடவே ஒரு கெட்ட வழக்கமும் வந்தது. எந்தப் படைப்பிரிவில் இது அதிகமோ, அங்கே ஒழுங்கு சரியில்லை என்று பேசத் தொடங்கினார்கள். நோய், குற்றமாக மாறியது. கால் கெட்டவன் நோயாளியாக இல்லாமல், காலைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவனாக ஆனான். ஓய்வூதியப் படிவத்தில் ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதும் வழக்கத்துக்கு வித்து அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த நோயில் இன்னொன்று. விரல் போனவனுக்குச் சாட்சி வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரியும். விரல் போகாமல் ஆறியவன் கதிதான் பரிதாபம். பார்வைக்குக் கால் முழுசாக இருக்கும். ஆனால் குளிர் பட்டால் எரிச்சல், ஊன்றினால் குத்தல், உள்ளங்காலில் ஓயாத வியர்வை, வருஷக்கணக்கில்.

என் தாய்மாமனுக்கு இருந்தது அதுதான். வடக்கே பனிமலையில் இருந்தவர். காலில் குளிர் தாக்கி, ஆறி, மறுபடி தாக்கி, கடைசியில் உடல்தகுதி இல்லை என்று ஊருக்கு அனுப்பினார்கள். மார்கழி மாதம் இரும்பையில் என்ன பெரிய குளிர்? அந்தக் குளிருக்கே அவர் கோணிப்பையைக் காலில் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் சின்னப் பையன். “மாமா, காலுதான் நல்லா இருக்குதே?” என்று கேட்டேன். “கண்ணுக்கு நல்லாத்தான்டா இருக்குது. ராவிக்கு வந்து கேளு, அது பேசும்” என்றார். மருத்துவக் குழு அவருக்குக் கொடுத்தது 15 முதல் 19 சதவீதம். 20 இருந்தால்தான் ஓய்வூதியம். சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் கூடியதும் இல்லை என்று கீழே ஒரு வரி. மேல்முறையீடு எழுதினார். தட்டச்சு செய்த இரண்டு வரியில் மறுத்துப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினவர், மறுபடி யாருக்கும் எழுதவில்லை. கிளார்க் வேலைக்குப் போன பிறகு அந்தக் கடிதத்தை நான் எடுத்துப் படித்தேன். எந்த மருத்துவர் பார்த்தார், எதைப் பார்த்தார், ஏன் மறுத்தார், எதுவுமே அதில் இல்லை.

வெளிநாட்டில் இந்தப் போராட்டம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் ஒரு துண்டு எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்சு 1919 மார்ச் 31இல் ஒரு சட்டம் போட்டது. போர்க்காலத்தில் பதிவான காயமோ நோயோ சேவையால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்றால் அதை அரசு நிரூபிக்கட்டும். தகராறு வந்தால் விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம். காயத்துக்கு 10 சதவீதம் இருந்தாலே ஓய்வூதியம். பிரிட்டனும் அதே 1919இல் ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களை அமைத்தது. ஆனால் நிரூபிக்கும் சுமையை 1943 வரை சிப்பாயின் தலையிலேயே வைத்திருந்தது. அந்தச் சுமையை அரசின் பக்கம் மாற்றிய பிறகு, இந்த மேல்முறையீடுகளைக் கேட்கும் நீதிபதியாக டென்னிங் வந்தார். 1947இல் மில்லர் வழக்கில், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது என்றால் எவ்வளவு நிரூபிப்பது என்று அவர் விளக்கியது இன்றைக்கும் உலகம் முழுக்கக் குற்றவியல் வகுப்பில் சொல்லித்தரப்படுகிறது. அந்த விளக்கம் பிறந்தது கொலை வழக்கில் அல்ல, படைவீரர் ஒருவரின் மனைவி ஓய்வூதியம் கேட்ட வழக்கில். அமெரிக்காவில் தட்டைப்பாதத்துக்கு என்றே 5276 என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். இரண்டு காலிலும் மிக முற்றியிருந்தால் 50 சதவீதம்.

புதுச்சேரி சொல்தாக்களில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போரிட்டவர்கள் இருந்தார்கள். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. பல சொல்தாக் குடும்பங்கள் அப்படித் தேர்ந்தன. பிரான்சு எல்லாரையும் நியாயமாக நடத்தியது என்று நான் சொல்லமாட்டேன். 1959 டிசம்பரில் போட்ட ஒரு நிதிச் சட்டம், விடுதலை பெற்ற காலனி நாட்டுக் குடிமக்களாகிவிட்ட தன் பழைய வீரர்களின் ஓய்வூதியத் தொகையை அப்படியே உறைய வைத்தது. வடஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி ‘இன்டிஜேன்’ என்ற படம் 2006இல் வந்து ஊர் முழுக்கப் பேச்சான பிறகே 2007 முதல் ஊன ஓய்வூதியத்தைச் சமமாக்கினார்கள். ஆனால் நிரூபிக்கும் சுமையைப் பொறுத்தவரை, எங்கள் மாமாவின் காலும் ஒரு சொல்தாவின் காலும் ஒரே குளிரில் ஒரே மாதிரி கெட்டிருந்தால், அங்கே சொல்தா கையை நீட்டி வாங்கியிருப்பார். இங்கே மாமா பெட்டியைப் பூட்டினார். நடுவே இருந்தது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல சட்டம் இருந்தது. 1961ஆம் வருஷத்து ராணுவ ஓய்வூதிய விதிகளில் 173ஆம் விதி, சேவையால் வந்த அல்லது சேவையால் கூடிய ஊனம் 20 சதவீதமோ மேலோ இருந்து, அதற்காக வெளியே அனுப்பப்பட்டால் ஊன ஓய்வூதியம் என்றது. அடுத்த வருஷமே சீனப் போர். நாம்கா சூ ஆற்றங்கரையில் நம் ஆட்கள் பருத்திச் சட்டையோடும் கான்வாஸ் ஷூவோடும் பனியில் நின்றார்கள். 1984 ஏப்ரல் 13இல் சியாச்சினில் ஏறினோம், இன்னும் இறங்கவில்லை. 2016 பிப்ரவரி 3இல் அங்கே பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் 19 மதராஸ் பட்டாலியன், அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உயிரோடு இறங்கி வந்தவர்களின் விரல்களையும் பாதங்களையும் பற்றிச் செய்தித்தாள் எழுதுவதில்லை.

1982இல் வந்த தகுதி விதிகள் இன்னும் தெளிவானவை. 5ஆம் விதி: சேரும்போது எழுதப்பட்ட குறையைத் தவிர, ஆள் நல்ல உடல்நிலையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், பிறகு கெட்டால் சேவையால் கெட்டது. 9ஆம் விதி: கேட்பவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது, சந்தேகத்தின் பலன் அவருக்கே. 14ஆம் விதி: சேரும்போது பதியாத நோய் பிறகு வந்தால், அது சேவையில் வந்ததாகக் கருத வேண்டும். இவ்வளவும் அச்சில் இருக்க, நடந்தது வேறு. மருத்துவக் குழு படிவத்தில் ‘கான்ஸ்டிடியூஷனல்’ என்று ஒரு சொல்லை எழுதும். உடம்பின் வாகு, பிறவிக்கூறு என்று அர்த்தம். காரணம் சொல்லத் தேவையில்லை. குழு 30 சதவீதம் என்று ஒப்புக்கொண்டாலும், அலகாபாத்தில் ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் ஆளையே பார்க்காமல் அதைக் குறைத்துவிடும் வழக்கமும் இருந்தது. 1993இல் முன்னாள் சாப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மேல் மருத்துவக் குழு நேரில் சோதிக்காமல் கணக்கு அலுவலகம் சதவீதத்தில் கை வைக்கக் கூடாது என்றது.

வழக்குப் போட வேண்டுமானால் அப்போதெல்லாம் உயர் நீதிமன்றம்தான். பென்ஷனே இல்லாதவன் வக்கீலுக்கு எங்கே போவான்? 2007இல் சட்டம் இயற்றி, 2009 ஆகஸ்டில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வந்தது. சென்னையிலும் ஒரு கிளை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் போய்விட்டு ராத்திரிக்குத் திரும்பிவிடலாம். எங்களுக்கு அது பெரிய விஷயம்.

2013 ஜூலை 2இல் தரம்வீர் சிங் தீர்ப்பு வந்தது. அவர் சிக்னல்ஸ் படைச் சிப்பாய். 1985இல் சேர்ந்தவர், 1994இல் வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு அனுப்பப்பட்டவர். குழு எழுதியது அதே பிறவிக்கூறுதான். சேர்ப்புப் படிவத்தில் அப்படி ஒரு குறை எழுதப்படவில்லை, எழுதாததற்குக் குழு காரணமும் சொல்லவில்லை, ஆகவே சேவையால் வந்தது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1982 விதிகளில் இருந்ததைத்தான் சொன்னது, புதிதாக ஒன்றும் இல்லை. அந்த விதியை உயிர்ப்பிக்க 31 வருஷம் ஆயிற்று. 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில், உடல்தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டு 20 சதவீதத்துக்குக் குறைவு என்று சொல்வது பொருந்தாது என்றார்கள். வேலைக்கு லாயக்கில்லாத அளவுக்குக் கெட்ட கால் எப்படி 15 சதவீதம் ஆகும்? அதே வருஷம் டிசம்பர் 10இல் ராம் அவதார் வழக்கில், 50க்குக் கீழ் இருப்பதை 50 என்று உயர்த்தித் தரும் சலுகை, முழுக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றார்கள். மாமா இதெல்லாம் பார்க்க உயிரோடு இல்லை.

எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. முழுக்காலம் முடித்து வந்தவருக்கு 20க்குக் கீழே இருந்தால் ஊனப் பகுதி கிடையாது என்று 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2023 செப்டம்பர் 21இல் புதிய தகுதி விதிகள் வந்தன. அதன் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்கு அவைதான். அவற்றில் ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று ஒரு புதிய தொகை. பழைய விதிகளில் இருந்த தாராளம் இவற்றில் இல்லை என்று முன்னாள் படைவீரர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

என் திண்ணைக்குக் கால் பிரச்சினையோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது கையெழுத்து இல்லை, காகிதம். சேர்ப்பு மருத்துவப் படிவத்தின் நகல் இருக்கிறதா? வெளியேறியபோது நடந்த மருத்துவக் குழுவின் 16ஆம் எண் படிவம் இருக்கிறதா? அடிபட்டதென்றால் காய அறிக்கை, ஐ.ஏ.எஃப்.ஒய். 2006, போட்டார்களா? பெரும்பாலும் மூன்றும் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதி வாங்க வேண்டும். வந்ததும் நான் தேடுவது ஒரே இடம். சேர்ந்த நாளில் பாதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? குறை ஒன்றுமில்லை என்று இருந்தால் அதன்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, மனுவின் முதல் பத்தியில் வைக்கிறேன். பிறகு போஸ்டிங் பட்டியல்: எந்த வருஷம், எந்த மலை, எத்தனை குளிர்காலம். பிறகு காலுக்காக மருத்துவமனையில் சேர்ந்த தேதிகள். அதற்கப்புறம்தான் வலியைப் பற்றி எழுதுவேன். ஒருவர் கேட்டார், “அண்ணே, நான் பட்ட பாட்டை மொதல்ல எழுத மாட்டீங்களா?” நான் சொன்னேன், “உங்க பாட்டைப் படிச்சி அவங்க பாவம்னு நெனைக்க வேணாம் தம்பி. சட்டப்படி குடுத்துட்டுப் போவட்டும்.”

இத்தனை சொன்னேன். என் அம்மாவின் காலைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பொய்.

அம்மா மரக்காணம் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னாலும் அப்பா போன பிறகும் உப்பளத்தில் வேலை பார்த்தவள். தையில் பாத்தி மிதிப்பார்கள். உப்பு மண்ணில் கலக்காமல் படிய, தளம் கெட்டியாக வேண்டும். அதற்குக் காலால் மிதி மிதி என்று மிதிக்க வேண்டும். அங்கே கால்தான் கருவி. உப்பின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் கடல்தண்ணீர் 3 பாகை. உப்பு படியும்போது பாத்தித் தண்ணீர் 25 பாகை. அந்தத் தண்ணீரில் விடியற்காலையிலிருந்து நின்று உப்பை வாரிக் கூடையில் தலைச்சுமையாக வரப்புக்கு ஏற்ற வேண்டும். உப்புநீர் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தோல் தடித்து, காய்ந்து, வெடிக்கும். வெடிப்புக்குள் உப்புக்கல் போய் உட்காரும். சாயங்காலம் வந்து நல்ல தண்ணீரில் காலை வைத்ததும் அம்மா பல்லைக் கடிப்பாள். ஊக்கால் உப்புக்கல்லை நெம்பி எடுத்துவிட்டு, மெழுகுவத்தியைத் தேங்காயெண்ணெயில் உருக்கி வெடிப்பில் விடுவாள். முதல் லீவில் வந்தபோது என் பழைய பூட்ஸைக் கொடுத்தேன். ஒருநாள் போட்டுப் போனாள். உள்ளே உப்புத்தண்ணி புகுந்து நின்றுகொண்டதாம். “ஒன் பட்டாளத்து செருப்பு எனக்கு ஆவாதுடா” என்று காலுறையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மாமாவுக்குப் பனிமலைக் குளிர் செய்ததை அவளுக்கு உப்பு செய்தது. மாமா காலைப் பற்றி இரண்டு வரியிலாவது ஒரு கடிதம் வந்தது. அம்மாவின் காலைப் பற்றி எந்த ஏட்டிலும் ஓர் எழுத்து இல்லை.

1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அதன் அட்டவணையில் கால் கட்டைவிரல் அடியோடு போனால் 14 சதவீதம், வேறொரு விரல் போனால் 3 சதவீதம். விரல் துண்டாகப் போனால் கணக்கு உண்டு. இருபது வருஷம் உப்பில் வெந்து, ஊன்ற முடியாமல் போன முழுக்காலுக்கு, இது இந்த வேலையால்தான் வந்தது என்று அந்தப் பெண்ணே போய் நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பாள்? வேலையில் சேர்ந்த நாளில் அவள் காலை யார் பார்த்தார்கள்? சம்பளச் சீட்டே இல்லாத வேலை. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதை நான் மனசார வரவேற்கிறேன். ஆனால் அது மழைக்கானது, காலுக்கானது இல்லை.

சிப்பாயின் காலுக்கு நீதி கிடைத்தது சேர்ந்த நாளில் எழுதிய ஒரு வரியால். அந்த ஒரு வரியை உப்பளத்துக்கும் கொண்டுவரக் கோடி ரூபாய் தேவையில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறார்கள். மரக்காணம் வட்டாரத்தில் அவர்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை உப்பளத்துக்கே வந்து, பாத்தி மிதிக்கும் முன்னால் ஒருமுறையும் உப்பு வாரி முடிந்த பின்னால் ஒருமுறையும், ஒவ்வொருவர் காலையும் பார்த்து, தேதி போட்டு ஓர் அட்டையில் எழுதினால் போதும். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மனு எழுத நான் தயார். என்னைப் போல மனு எழுதத் தெரிந்த முன்னாள் படைவீரர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய மறுப்புக் கடிதம் பெட்டியில் கிடந்தால் எடுங்கள். காலம் கடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2008இல் தர்சேம் சிங் வழக்கில், ஓய்வூதியம் மறுப்பது மாதாமாதம் தொடரும் தவறு, தாமதத்தால் உரிமை செத்துப்போகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலுவை மட்டும் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், சேர்ப்புப் படிவத்தைக் கேட்டு எழுதுங்கள். சுகாதாரத் துறையில் இதைப் படிக்கிறவர்களே, வரும் தையில் மரக்காணத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கும்போது அந்த முதல் அட்டையை எழுதத் தொடங்குங்கள்.